"இது எங்கட ஆட்கள் செய்தது" என்று ஒருவர் சொன்னால் எங்கே பிடிப்பது: தொல்பொருள் வாதங்களைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் உங்களுக்கே தெரியும், அடிக்கடி ஒரு பழைய பானையோ நாணயமோ சிலையோ படமாக வந்து விழும். கீழே இரண்டு வரி இருக்கும்: இது கிடைத்திருக்கிறது, ஆகவே நாங்கள்தான் இங்கே முதலில் வந்தோம். அதே நேரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குழுவிலும் இதே மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், ஆட்களின் பெயர் மட்டும் மாறியிருக்கும். பாதிப் பேர் கைதட்டும் படம் போடுவார்கள், ஒருவர் "ஆதாரம் எங்கே" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார், அத்தோடு கதை முடிந்துவிடும்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. பொருளுக்கும் முடிவுக்கும் நடுவில், யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடுகிற ஊகங்கள் சில எப்போதும் இருக்கும். அவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் விஷயம். தொல்லியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும், உடனே பதில் போடாத பொறுமையும் போதும்.

முதல் படி: வாதத்தை வரி வரியாக இறக்குங்கள்

ஒரு வரியில் ஒரு கூற்று மட்டும். எழுதி முடித்தபின் ஒவ்வொரு "ஆகவே"க்கும் பக்கத்தில் "அதெப்படி?" என்று ஒரு கேள்வியைப் போடுங்கள்.

நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணியை எடுப்போம், எல்லோருக்கும் பிடித்த கதை அது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, அந்த நாட்டின் வடக்கில் வங்காரெய் பக்கம், மாவோரி மக்கள் ஒரு வெண்கலச் சட்டியில் கிழங்கு அவிப்பதைக் கண்டார். பார்த்தால் அது சட்டியே இல்லை, உடைந்த மணி ஒன்றின் மேற்பகுதியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சுற்றிவரத் தமிழ் எழுத்து, முகையத்தீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று. பெருங்காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததாக அவர்கள் சொன்னார்களாம். இன்று அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்போது நம் குழுவில் ஓடும் வாதத்தை இறக்குவோம். மணியில் தமிழ் இருக்கிறது. ஆகவே அது தமிழ் பேசியவரின் கப்பல் மணி. ஆகவே அந்தக் கப்பல் நியூசிலாந்துக்குப் போனது. ஆகவே ஐரோப்பியருக்கு முன்பே போனது. ஆகவே அந்த நாட்டைக் கண்டுபிடித்தது தமிழர்.

முதல் வரியில் பிரச்சினை இல்லை. இரண்டாவதும் கிட்டத்தட்ட உறுதி, மணியே சொல்கிறது. (அந்தக் கப்பல்காரர் முஸ்லிம் என்பதையும் மணியே சொல்கிறது, படத்தை அனுப்புகிறவர்கள் அதை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.) மூன்றாவது வரியில் கால் சறுக்குகிறது. மணி போனால் கப்பலும் போயிருக்க வேண்டுமா? கப்பல்கள் விற்கப்பட்டன, பிடிக்கப்பட்டன, உடைக்கப்பட்டன. மணி கழற்றக்கூடிய, விலைபோகக்கூடிய பொருள், வேறொரு கப்பலில் ஏறிப் போக ஒரு தடையும் இல்லை. நான்காவதில் எழுத்தின் பழமையைக் காட்டுவார்கள். எழுத்து பழையதாக இருந்தால் மணி பழையது, அவ்வளவுதான். அது எப்போது அந்தக் கரைக்கு வந்தது என்பதை எழுத்து சொல்லாது. ஜேம்ஸ் குக் அங்கே போனது 1769இல். கொலென்சோ மணியைப் பார்த்த காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே தாராளமாக வந்துபோய்க்கொண்டிருந்தன. மரத்தடிக் கதை உண்மையென்றால் அதற்குக் கொஞ்சம் கனம் உண்டு, ஆனால் எந்த மரம், எவ்வளவு வயது என்று யாரும் அளக்கவில்லை.

ஐந்தாவது வரிக்கு நான் போகவே இல்லை. முந்தைய வரி நிற்காதபோது அடுத்ததோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அந்த நேரம் மிச்சம்.

இரண்டாவது படி: "எங்கிருந்து வந்தது" என்ற ஒரு கேள்வியை ஆறாகப் பிரியுங்கள்

மூலப்பொருள் எங்கேயிருந்து வந்தது, எந்த ஊரில் செய்தார்கள், செய்தவர் எந்த ஊர்க்காரர், யாருக்காகச் செய்தார்கள், யார் பாவித்தார்கள், கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது. ஆறுக்கும் ஒரே பதில் வரும் என்று நினைப்பதுதான் இந்த வாதங்களில் மிகப் பெரிய மறைவான ஊகம். உங்கள் வீட்டு அலுமாரியில் மாத்தளையில் சுட்ட நொரிடாகே தட்டு ஒன்று இருக்கலாம். பெயர் ஜப்பான், செய்தது இலங்கை, அதே செட்டின் மற்றத் தட்டு இலண்டனில் உங்கள் சித்தி வீட்டில். அடியில் உள்ள பெயரைப் பார்த்து யாராவது "வெள்ளவத்தையில் ஜப்பானியர் குடியேற்றம்" என்று எழுதினால் சிரிப்போம். 2000 வருடத்துப் பானை என்றால் மட்டும் அந்தச் சிரிப்பு வருவதில்லை.

இதைப் பழகிக்கொள்ளக் கொழும்பை விட நல்ல இடம் இல்லை. கொழும்பு 7இல் இருக்கும் தேசிய நூதனசாலைக்குப் போய், காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உச்சியில் எதிரெதிரே இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம், அதுதான் அதிகம் தேய்ந்துபோயிருக்கிறது. மிங் பேரரசரின் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்த கல். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் நீளும்.

ஆறு கேள்விகளையும் இதன்மேல் போடுங்கள். செய்த இடம் பெரும்பாலும் சீனாதான், எழுத்தை அங்கேயே வெட்டிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. அப்படியென்றால் நாம் பெருமையோடு படம் பிடிக்கிற அந்தத் தமிழ் எழுத்துகளை வெட்டிய கைக்குத் தமிழ் தெரியாமலே இருந்திருக்கலாம், யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வெட்டியிருக்கலாம். கல்லில் உள்ள தேதி 1409 பெப்ரவரியில் விழுகிறது. அது எழுதப்பட்ட நாள். கல் இங்கே வந்து நின்றது அதற்குப் பிறகு. தேதியைப் பார்த்து "1409இல் காலியில் நாட்டினார்கள்" என்று எழுதுகிறவர்கள் இரண்டு ஊகங்களை ஒரே வரியில் விழுங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது ஊகம் காலி. 1911இல் ஒரு பொறியியலாளர் இதைக் காலியில் ஒரு மதகின் மேல் மூடு கல்லாகக் கண்டெடுத்தார், எழுத்துள்ள பக்கம் கீழே பார்த்தபடி. சாக்கடைக்குப் பலகையாகப் போட்ட கல்லை வைத்து அது ஆதியில் நின்ற இடத்தை எப்படிச் சொல்வது? தெனாவரை என்பது மாத்தறைக்கு அப்பால் உள்ள தெவிநுவர. அங்கே இருந்த பெரிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். அங்கே நின்ற கல் பிறகு காலிக்கு இழுத்து வரப்பட்டிருக்கலாம் என்ற கருத்து இருப்பது இதனால்தான். அதுவும் ஓர் ஊகம்தான், ஆனால் காரணம் சொல்லி வைக்கிற ஊகம்.

சரி, இவ்வளவு கழித்தபின் மிச்சம் என்ன? நிறையவே இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தத் தீவின் கரையில் யாரிடம் பேச வேண்டும் என்று மிங் அரசின் ஆட்கள் யோசித்தபோது, சீனத்துக்கு அடுத்து அவர்கள் தேர்ந்த இரண்டு மொழிகளில் ஒன்று தமிழ். இதை எந்தக் கேள்வியாலும் அசைக்க முடியாது. "தெற்கு முழுக்க எங்களுடையது" என்று இதை ஊதுகிறவர்களும், "சும்மா வியாபாரிகளுக்காக எழுதியது" என்று தட்டிக்கழிக்கிறவர்களும் இந்த நல்ல முடிவை வீணாக்குகிறார்கள்.

மூன்றாவது படி: யார், எங்கே, எப்படி எடுத்தார்கள்

அகழ்வில் அடுக்கோடு கிடைத்ததா, உழும்போது கிடைத்ததா, கடையில் வாங்கியதா? இதைக் கேட்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பொன் முலாம் பூசிய தாரா சிலை உலகப் புகழ்பெற்றது. 1830இல் முன்னாள் ஆளுநர் பிரவுன்ரிக் கொடுத்தது. எங்கே கிடைத்தது? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில். வரைபடத்தில் அந்த "இடையில்" எவ்வளவு நீளம் என்று ஒருதரம் பாருங்கள். அந்தச் சிலையின் அழகையும் உலோகத்தையும் பற்றி எவ்வளவும் பேசலாம், அதை வைத்து ஒரு குறிப்பிட்ட ஊரின் வரலாற்றை மட்டும் எழுத முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஆனைக்கோட்டை முத்திரை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு, பேராசிரியர் இந்திரபாலா தலைமையில், பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றைத் தோண்டியபோது எலும்புக்கூட்டோடு கிடைத்தது. கிடைத்த இடம் பற்றிய சந்தேகம் இங்கே மிகக் குறைவு. சண்டை வேறு இடத்தில், அதில் பிராமி என்ற பண்டைய எழுத்துமுறையில் உள்ள மூன்று எழுத்துகளைக் கோவேத என்று வாசிப்பதா, கோவேந்த என்று வாசிப்பதா, அதற்கு மேலே உள்ள குறியீடுகள் என்ன என்பதில். ஒரு பொருள் ஒரு படியில் பலமாகவும் இன்னொரு படியில் பலவீனமாகவும் இருக்கலாம். "நம்பலாமா கூடாதா" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

நான்காவது படி: "பார்க்க அப்படியே இருக்கிறது" என்றால் நிறுத்துங்கள்

இந்தப் படியில்தான் பெரிய ஆட்களே விழுந்திருக்கிறார்கள். ரௌலட்டட் மட்பாண்டம் என்று ஒரு வகை உண்டு. மெல்லிய, வழவழப்பான சாம்பல் அல்லது கறுப்புத் தட்டு, விளிம்பு உள்ளே வளைந்திருக்கும், உட்புறத் தரையில் பொடிப்பொடிக் கீறல்கள் இரண்டு மூன்று வளையமாக ஓடும். கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் கிடைக்கிறது, புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் கிடைக்கிறது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், கூடவே இத்தாலியத் தட்டுகளும் மத்தியதரைக்கடல் மதுச் சாடிகளும் கிடைத்ததால், இந்தக் கீறல் வேலையும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த நுட்பம்தான், சில தட்டுகள் அங்கிருந்தே வந்திருக்கலாம் என்று எண்ணினார். காலத்தையும் அதை ஒட்டியே கணித்தார்.

அவருடைய வாதத்தில் சொல்லாமல் விட்டவற்றைத் தேடிப் பாருங்கள். ஒன்று, இந்த நுட்பம் இரண்டு இடத்தில் தனித்தனியாகத் தோன்றாது. இரண்டு, பக்கத்தில் கிடைத்தால் ஒன்றாக வந்தவை. மூன்று, தரமான பண்டம் என்றால் வெளியிலிருந்து வந்திருக்கும். மூன்றாவதை யாரும் எழுதமாட்டார்கள், ஆனால் காலனித்துவக் காலத்து ஆய்வுகளில் அது அடிநீரோட்டமாக ஓடுகிறது. பிறகு விமலா பெக்லி அரிக்கமேட்டு ஓடுகளைத் திரும்ப ஆராய்ந்து, இவை உரோம வணிகம் சூடுபிடிக்கும் முன்பே தொடங்கியவை, இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று 1988இல் எழுதினார். அநுராதபுரத்தின் அடுக்குகளும் இவை இன்னும் பழையவை என்று காட்டின. அதற்கும் பிறகு களிமண்ணின் இரசாயனத்தைப் பார்த்தவர்கள், வெவ்வேறு ஊர்களில் கிடைத்த தட்டுகள் பெரும்பாலும் ஒரே நிலப்பகுதியின் மண்ணாகத் தெரிகிறது என்றார்கள். அது கீழ்க் கங்கைப் பக்கம், வங்காளமாக இருக்கலாம் என்பது அவர்களில் சிலரின் கருத்து.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, "உரோமர் செய்தது" என்ற ஊகம் போனதும் "அப்படியானால் தமிழர் செய்தது" என்று பலர் அந்த வெற்றிடத்தில் உடனே ஏறி உட்கார்ந்ததுதான். ஒரு பதில் பிழை என்றால் எங்களுக்குப் பிடித்த பதில் தானாகச் சரியாகிவிடாது. மண் வங்காளத்தைக் காட்டினால் இரு பக்கமும் ஏமாந்துபோகிறது.

சிலைகளிலும் இதே கதைதான். பொலன்னறுவையின் சிவ தேவாலயங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த நடராசரும் நாயன்மார்களும் நூதனசாலையில்தான் இருக்கிறார்கள். சோழர் பாணி என்பதில் கண்ணுள்ள எவருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பாணி சோழருடையது என்றால் வார்த்த இடம் தஞ்சாவூரா? ஸ்தபதி கப்பலேறி வந்திருக்கலாம், அவரிடம் இங்கேயே பழகியவர் வார்த்திருக்கலாம், சோழராட்சி போன பிறகும் வார்த்திருக்கலாம். உள்ளே களிமண் வைத்து வார்த்த சிலை என்றால் அந்த மண்ணைச் சோதித்து ஊரைத் தேடலாம். தென்னிந்தியப் பாணிச் சிலைகள் பெரும்பாலும் கெட்டியாக வார்த்தவை, அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஐந்தாவது படி: ஆய்வுகூடம் எதைச் சோதித்தது என்று கேளுங்கள்

"கார்பன் டேட்டிங் செய்துவிட்டார்கள்" என்றால் பலர் வாயை மூடிவிடுகிறார்கள். கல்லையும் உலோகத்தையும் பொதுவாக அந்த முறையால் நாள் பார்க்க முடியாது. கரி, எலும்பு, தானியம் போன்ற, ஒருகாலத்தில் உயிரோடிருந்தவற்றைத்தான் பார்க்க முடியும். ஆகவே "கி.மு. இத்தனையாம் ஆண்டு வாள்" என்றால் பெரும்பாலும் வாளுக்குப் பக்கத்தில் கிடந்த கரிக்கு அந்த வயது என்று பொருள். கரி நூற்றாண்டுகள் நின்ற மரத்தின் நடுவைரமாக இருந்தால் எரித்த நாளை விட வயது கூடுதலாக வரும். வெண்கலத்தில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகள் சுரங்கத்தைக் காட்டும், பட்டறையைக் காட்டாது. பழைய குத்துவிளக்கையும் செம்பையும் உருக்கிச் சேர்த்து வார்த்திருந்தால் சுரங்கமும் குழம்பிவிடும். சோதனைகள் நல்லவைதான், அவை பதில் சொன்ன கேள்வியும் நீங்கள் கேட்ட கேள்வியும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள்.

ஆறாவது படி: எழுத்து இருந்தால் இன்னும் கவனம்

பானை ஓட்டில் எழுத்து என்றதும் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தின் ஓரம். சுடுமுன் ஈரக்களிமண்ணில் கீறியது என்றால் கோடு வழவழப்பாக, ஓரம் சற்று மேலெழும்பி இருக்கும். அது பானை செய்த இடத்தின் எழுத்து. சுட்டபின் கீறியது என்றால் ஓரம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கும். அது பானையை வைத்திருந்த யாரோ ஒருவரின் எழுத்து, பானை எங்கே செய்யப்பட்டது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். குழுவில் வரும் மங்கலான படத்தில் இது தெரியாது, ஆகவே தெளிவான படம் கேளுங்கள்.

அடுத்து, வாசிப்பு யாருடையது? திஸ்ஸமகாராமவில் ஜெர்மன் குழு எடுத்த ஓடு ஒன்றை ஐராவதம் மகாதேவன் 2010இல் தமிழ்ப் பிராமி என்று சொல்லி "திரளி முறி", அதாவது சபையின் எழுத்து ஒப்பந்தம், என்று வாசித்தார். பெரிய அறிஞர், வாசிப்பும் சுவாரசியமானது. ஆனால் அதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த ஓட்டை வைத்துத் "தெற்கில் தமிழ் வணிகக் குழு இருந்தது" என்று எழுதுகிறவர், வாசிப்பு உறுதி என்ற ஊகத்தின் மேல்தான் முழு வீட்டையும் கட்டுகிறார்.

எழுத்துள்ள எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை கிடையாது. செங்கடல் கரையில், எகிப்தின் குசெயிர் அல்-கதீமில், தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. சரக்கோடு போன சாடியாகவும் இருக்கலாம், அங்கே தங்கியவர்களின் பானையாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்தது "பெரும்பதன் கல்" என்று எழுதிய பொற்கொல்லரின் உரைகல். தட்டான் உரைகல்லைத் தொழிலுக்காகத் தன்னோடு எடுத்துப்போவான், மூட்டையில் போட்டு விற்க அனுப்பமாட்டான். ஆகவே "ஆளே அங்கே போனான்" என்ற வாதத்துக்கு இந்தச் சின்னக் கல், நியூசிலாந்து மணியை விடப் பல மடங்கு பலம். இப்படி எடை போடத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏழாவது படி: "அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை"

தோண்டினார்களா என்று கேளுங்கள். போர்க்காலத்தில் பல வருடங்கள் வடக்கிலும் கிழக்கிலும் முறையான அகழ்வு மிகக் குறைவு. தோண்டாத இடத்தில் இல்லை என்று சொல்வது வாதமே கிடையாது. நன்றாகத் தோண்டியும் கிடைக்கவில்லை என்றால் அதற்கு மதிப்பு உண்டு.

எட்டாவது படி: பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

கசப்பான படி இது, பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வாதத்தில் "தமிழர்" என்று வரும் இடத்தில் "சிங்களவர்" என்றும், "சிங்களவர்" என்று வரும் இடத்தில் "தமிழர்" என்றும் மாற்றிப் போட்டுவிட்டு, அப்போதும் ஏற்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். வெள்ளவத்தைத் தேநீர்க்கடை ஒன்றில் என் காதில் விழுந்தது (பிராகிருதம் என்பது பழைய வட இந்திய மொழி, சிங்களத்தின் வேர் அதில்தான் என்பார்கள்):

"பிள்ளை, அநுராதபுரத்து ஓட்டில பிராகிருதம் எழுதியிருக்காம். பிராகிருதம் எழுதினா உடனே சிங்களவர் ஆகிடுவினமோ?"

"நல்ல கேள்வி மாமா. அப்ப ஆனைக்கோட்டை முத்திரையில உள்ள மூன்று எழுத்தை வைச்சு அந்த ஊர் முழுக்கத் தமிழர் எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?"

மாமா தேநீரைக் குடித்துவிட்டு வெயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. எழுதும் மொழியும் வீட்டு மொழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, காஞ்சியிலிருந்து ஆண்ட முற்காலப் பல்லவர்களே செப்பேட்டைப் பிராகிருதத்தில் எழுதினார்கள். பானை வகையும் அப்படித்தான். புத்தளத்துக்கு வடக்கே உள்ள பொம்பரிப்பின் புதைதாழிகள் தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவூட்டுகின்றன என்பது உண்மை. ஒரே மாதிரிப் புதைத்தவர்கள் ஒரே மொழி பேசினார்கள் என்பது தனி ஊகம், அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். "தமிழர்", "சிங்களவர்" என்று இன்று நாம் சொல்லும் அதே பொருளில் 2300 வருடத்துக்கு முன் ஆட்கள் தங்களைப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதே இரண்டு பக்கமும் சேர்ந்து ஒப்புக்கொள்கிற ஊகம். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்வதால்தான் அதை யாரும் கேட்பதில்லை.

ஒன்பதாவது படி: பதில் எழுதுவது

முழு வாதத்தையும் இடித்துத் தள்ள வேண்டாம். நிற்கிற பகுதியை முதலில் சொல்லி, நிற்காத ஓர் இடத்தை மட்டும் காட்டுங்கள். ஒரே ஒரு கேள்வி, இரண்டு கேட்டால் சுலபமானதற்கு மட்டும்தான் பதில் வரும். இப்படி எழுதலாம்: "சித்தப்பா, நல்ல படம். இந்த ஓடு திஸ்ஸமகாராமவில் கிடைத்தது சரி, பழையது என்பதும் சரி. எழுத்தைத் தமிழ் என்று மகாதேவன் வாசித்தார், வேறு ஆட்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று பார்த்தீங்களா?" வயதில் மூத்தவரைச் சபையில் பிழை என்று சொல்லாமல், ஊகம் மட்டும் வெளியே வந்துவிடும். ஆள் கோபக்காரர் என்றால் குழுவில் எழுதாமல் தனியாக அனுப்புங்கள்.

எழுதியதன் ஒரு பிரதியை எங்காவது சேமித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே படம் வேறு தலைப்போடு, அநேகமாக அதே சித்தப்பாவிடமிருந்தே திரும்பி வரும், அப்போது எடுத்து ஒட்டுவதற்கு உதவும்.